கூதிர் மழையும் வளவிற் பழமரமும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் காலமென வகுத்தனர் தமிழ்ப் பெரியோர். குளிர்நாடுகளில் மரங்கள் இலையுதிர்த்து உறக்கங் கொள்ளும் இதே வேளையில், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னிப் பகுதியிலும் நிலம் விழித்தெழுகின்றது. மாசி தொடங்கிப் புரட்டாதி வரை காய்ந்து கிடந்த மண்ணை வடகீழ்ப் பருவக்காற்றின் மழை வந்து நனைக்கின்றது. குடாநாட்டில் ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் ஏறக்குறைய 50 அங்குல மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலேயே பெய்துவிடும். சித்திரையில் ஒரு சிறு மழை உண்டு. அதனை நம்பி மரம் வைப்பார் இலர். ஆதலால் வீட்டு வளவிற் பழமரம் நட விரும்புவோர் கூதிர் காலத்தையே எதிர்பார்த்திருப்பது இயல்பே.

ஆயினும் ஆண்டுதோறும் ஒரே காட்சி காணப்படுகின்றது. கார்த்திகையில் ஆர்வத்தோடு நடப்பட்ட கன்றுகள் மார்கழியிற் பச்சைப் பசேலெனத் தளிர்க்கின்றன. மாசியிலும் அவை குறைவின்றி நிற்கின்றன. சித்திரை வெயிலில் இலை சுருளுகின்றது. வைகாசியிற் சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் நுனி கருகி, ஆடி பிறக்குமுன் வெறுங் குச்சியே எஞ்சுகின்றது. வெயிலையும் காற்றையும் கறையானையும் குறைகூறிவிட்டு, அடுத்த மழைக்கு வேறொரு கன்று தேடப்படுகின்றது. கன்று இறந்தது ஆடியிலாயினும், அதன் முடிவு ஐப்பசியிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பதை உணர்வோர் சிலரே.

மழையிற் கன்று நடுவது மழைநீரைக் குடித்து அது தளிர்க்க வேண்டும் என்பதற்காக அன்று. மண் ஈரமாயிருக்கும் அச்சில மாதங்களுள் வேரானது ஆழச் சென்று, பின்வரும் நீண்ட வரட்சியைத் தாங்கத்தக்க இடத்தை அடைய வேண்டும் என்பதற்காகவேயாம். ஐப்பசி நடுப்பகுதியில் நட்ட கன்றுக்குத் தை முடியும்வரை ஏறக்குறைய மூன்றரை மாதம் ஈரமண் கிடைக்கின்றது. மார்கழி நடுப்பகுதியில் நட்டதற்கோ ஒன்றரை மாதமே உண்டு. மேலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சித்திரை வந்த பின்னரே வேறுபாடு தெரியும். விழாக்களுக்காகவும் வேலை வசதிக்காகவும் நடுகையைக் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளிப்போடும் வழக்கம் கன்றின் ஆயுளில் ஒன்றரை மாதத்தைப் பறித்துவிடுகின்றது.

இதனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரே தத்தம் வளவுகளை மீண்டுங் காணலாயின. தென்மராட்சியில் 2000ஆம் ஆண்டுப் போரில் மாவும் பலாவும் தென்னையும் பெருந்தொகையாய் அழிந்தன. பாட்டன் வைத்த மரத்திற் பேரன் பழம் பறிக்கும் ஒழுங்கு அவ்வளவுகளில் அறுந்துபோயிற்று. வெறும் வளவிற்குத் திரும்பிய முதியவர் ஒருவர் தம் கையால் வைக்கும் மாங்கன்று காய்ப்பதைத் தாமே காண விரும்பினால், அவருக்கு ஒரு பருவம் வீணாவதும் பெரிய இழப்பாகும்.

குழி முந்திச் செய்க

கூதிர் காலத்து நடுகையின் முதல் வேலை ஆவணியிலேயே தொடங்குகின்றது. மா, பலா போன்ற பெருமரங்களுக்கு நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் மூன்று அடியாகவும், தேசி, மாதுளை, கொய்யா, அன்னமுன்னா போன்றவற்றிற்கு இரண்டு அடியாகவும் குழி தோண்டுதல் வேண்டும். மேல்மண்ணை ஒரு பக்கத்திலும் அடிமண்ணை வேறொரு பக்கத்திலும் குவித்து, குழியைச் சில கிழமை வெயிலிற் காயவிடுவது நன்று.

கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் முதலிய செம்மண் பகுதிகளிற் சில வளவுகளில் இரண்டு அடி தோண்டுமுன்னரே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அவ்விடத்திற் பலர் அலவாங்கை எறிந்துவிட்டு, கிடைத்த ஆழத்திற் கன்றை வைத்துவிடுகின்றனர். கல்லின்மேல் ஓரடி மண்ணில் வளரும் மரம் தொட்டியில் வளரும் மரத்துக்கு ஒப்பானது. கல்லை முழுதும் உடைத்தெடுக்க வேண்டுவதில்லை. அலவாங்கினால் அடியில் இரண்டு மூன்று இடங்களிற் பிளந்து வெடிப்புண்டாக்கினாற் போதும். வேர் அவ்வெடிப்புகளினூடே தன் வழியைத் தேடிக் கொள்ளும். குடாநாட்டிற் பல பெருமரங்கள் அவ்வாறே வாழ்கின்றன. கல் திடமாய் ஒரே பாளமாக இருந்தால் மட்டும், பத்தடி தள்ளி வேறிடம் பார்ப்பது புத்தி.

தென்மராட்சியின் மணற்பாங்கான வளவுகளில் இடர் வேறு. அங்கே குழி தோண்டுவது எளிது; ஆனால் ஊற்றிய நீரும் இட்ட பசளையும் தங்குவதில்லை. குளத்து வண்டல் கிடைக்குமாயின் குழிமண்ணோடு நாலிலொரு பங்கு கலந்து கொள்ளலாம். வண்டல் கிடையாதவிடத்துப் பனையோலை உதவும். ஓலையைக் கிழித்து நிலத்திற் தாழ்க்கும் பழைய யாழ்ப்பாண வழக்கம், குழியின் அடியிலும் பயன்படத்தக்கதே. ஓலை மெல்ல உக்கி, கடற்பஞ்சு போல் நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

இடிந்த வீடுகள் இருந்த வளவுகளிற் குழி தோண்டுவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தும் சீமெந்துக் கட்டிகளும் மண்ணோடு கலந்து கிடக்கும். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இவையுஞ் சேர்ந்தால், கன்றினால் இரும்புச் சத்தை எடுக்க இயலாது. நரம்பு பச்சையாயிருக்க இளந்தளிர் மஞ்சளாகும். தேசியிலும் தோடையிலும் இக்குறை விரைவிலே தோன்றும். அத்தகைய இடிபாட்டு மண்ணை அப்புறப்படுத்தி, வளவின் வேறு மூலையிலிருந்து மேல்மண் கொணர்ந்து நிரப்புதல் அவசியம்.

புரட்டாதிக் கடைசியிற் குழியை நிரப்பலாம். மேல்மண்ணோடு நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு கடகமும், கிடைத்தாற் கூட்டெரு ஒரு கடகமும் கலந்து, நிலமட்டத்துக்கு அரை அடி உயர நிரப்பி விடுதல் வேண்டும். மழை பெய்ய மண் தாழும். உக்காத சாணத்தைக் குழியில் இடுதல் பெருந்தவறு. அது சூடேறி வேரைப் பாதிப்பதோடு, வண்டுகளின் குண்டுப்புழுக்களுக்கும் விருந்தாகும். நடுகை ஆண்டிற் குழிக்குள் இரசாயனப் பசளை வேண்டுவதில்லை.

என்ன மரம், எவ்விடம்

இரண்டு பரப்பு வளவு என்பது ஏறக்குறைய 5,400 சதுர அடி. வீடு, கிணறு, வாசல், மலகூடம் ஆகியன போக, அதிற் பெருமரங்கள் இரண்டுக்கு மேல் அடங்கா. கன்றாயிருக்கும்போது ஆறடி இடைவெளி தாராளமாகத் தோன்றும். அம்மயக்கத்திற் பத்துப் பதினைந்து கன்றுகளை நெருக்கி வைத்து, பன்னிரண்டு ஆண்டின் பின் ஒன்றிலும் காயில்லை என வருந்துவோர் ஊர்தோறும் உளர். மாவுக்கு மாவும், மாவுக்குச் சுவரும் குறைந்தது இருபத்தைந்து அடி தள்ளியிருத்தல் வேண்டும். சிறுமரங்களுக்குப் பன்னிரண்டு முதற் பதினைந்து அடி போதுமானது.

ஒரே ஒரு மாமரத்துக்கு மட்டும் இடமுள்ளவர் கறுத்தக் கொழும்பானை வைப்பாராக. சுவையிலும் மணத்திலும் வட பகுதியில் அதற்கு நிகரென எதனையும் சொல்வது கடினம். விலாட்டு மாம்பழம் சிறிதாயினும் இனிமை மிக்கது. அம்பலவி, வெள்ளைக் கொழும்பான், செம்பாட்டான் ஆகியனவும் வளவுக்கு ஏற்றவையே. கறுத்தக் கொழும்பான் உலர்வலயத்துக்குரிய இனம். பூக்குங் காலத்தில் வானம் காய்ந்திருத்தல் அதற்கு வேண்டும். கொழும்பிலுள்ள மக்கள் வீட்டுக்கென அன்போடு அனுப்பப்படும் கறுத்தக் கொழும்பான் கன்றுகள் அங்கே செழித்து நிழல் தருமேயன்றி, ஊரிற்போற் காய்ப்பதில்லை. ஈரவலயத்துக்கு விலாட்டு ஓரளவு பொருந்தும்.

கொட்டையிலிருந்து முளைத்த மாங்கன்றை வைப்பதா, ஒட்டுக் கன்றை வைப்பதா என்ற வினா இன்னும் எழுகின்றது. கொட்டைக் கன்று காய்க்கப் பல ஆண்டு செல்லும். காய்த்த பின்னும் அது தாய்மரத்தின் குணத்தைக் கொண்டிருக்குமென உறுதி கூற முடியாது. ஒட்டு மாங்கன்றோ தாய்மரத்தின் கிளையே ஆதலால் இனம் மாறாது. நன்கு பராமரித்தால் நாலைந்து ஆண்டிற் பயன் தரத் தொடங்கும். கொட்டை மரம் உயரமும் நீண்ட ஆயுளும் உடையதென்பது உண்மையே. இரண்டு பரப்பு வளவிற் பிள்ளைகள் கைக்கெட்டப் பறிக்கும் மரம் எதுவோ, அதுவே கூடிய பிரயோசனந் தருவது.

பலாவின் கதை வேறு. பலாக்கொட்டை விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். முளைத்த கன்றின் ஆணிவேர் முறிந்தாற் கன்று தேறுவது அரிது. ஆதலால் பழக்காலத்திலேயே நல்ல மரத்துக் கொட்டையைப் பையில் இட்டு முளைக்கவைத்து, ஐப்பசியில் வேர் அசையாது நடுதல் வேண்டும். பாணந்துறை ஆதர் வீ. டயஸ் அவர்கள், பலாமரம் ஒன்று ஒரு குடும்பத்தின் பஞ்சத்தைத் தடுக்கும் என்று கண்டு, நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தி, சிங்கள மக்களாற் பலா மாமா என்னும் பொருளில் “கொஸ் மாமா” என அழைக்கப்பட்டார். பலா வைக்குமுன் இடத்தை இருமுறை யோசித்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அநுமதிப்பத்திரமின்றிப் பலாமரத்தை வெட்டலாகாது. சுவரோரத்தில் வைத்துவிட்டுப் பின்னர் அத்திவாரம் வெடிக்கின்றதென முறையிடுவதிற் பயனில்லை. வளவின் பின்மூலையே அதற்குத் தக்கது.

குளிக்கும் நீர் வழிந்தோடும் வாய்க்காலோரம் வாழைக்கு உரியது. கதலியோ இதரையோ கப்பலோ, குடும்பத்தின் விருப்பப்படி வைக்கலாம். அகன்ற இலையுடைய குட்டியைவிட, ஈட்டி போன்ற ஒடுங்கிய இலையுடைய குட்டியே விரைவில் வளர்ந்து பெருங்குலை தரும். தேசியும் பப்பாசியும் தேங்கிய நீரைச் சகியா. 2008ஆம் ஆண்டுக் கார்த்திகையில் நிஷா சூறாவளியோடு வந்த வெள்ளம் வடிந்த பின், மேட்டிலிருந்த மரமும் பள்ளத்திலிருந்த மரமும் பட்ட பாட்டை நேரிற் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பள்ளமான வளவிற் குழிக்கு மேல் ஒன்றரை அடி மண்மேடு எழுப்பி, அம்மேட்டிலேயே இவற்றை நடுதல் வேண்டும். மாதுளை வரட்சியை நன்கு தாங்குமாயினும், காய்ந்த பின் திடீரெனப் பெருநீர் பாய்ச்சினாற் பழம் வெடிக்கும். முந்திரிகைக் கொடி பந்தலும் கவ்வாத்தும் மருந்தும் வேண்டி நிற்பது. முதன்முதலாக மரம் வைப்போர் அதிற் கை வைக்காதிருப்பது நலம்.

நடும் நாள்

புரட்டாதிக் கடைசியிற் பெய்யும் முதல் தூறலைக் கண்டு அவசரப்படலாகாது. அது மேல்மண்ணை நனைத்துச் சூட்டைக் கிளப்பிவிட்டு மறைந்துவிடுவதும் உண்டு. நிலத்தில் அலவாங்கை இறக்கிப் பார்க்க, ஒன்றரை அடி ஆழத்து மண்ணும் ஈரமாய் ஒட்டி வருமாயின் நடும் வேளை வந்துவிட்டது. பெரும்பாலும் ஐப்பசி முதற் பாதியிலோ நடுவிலோ இது நிகழும்.

கன்று வாங்குவோர் உயர்ந்த கன்றைத் தேடி எடுக்கின்றனர். சிறிய பையில் நெடுநாள் நின்று நாலடி வளர்ந்த கன்றின் வேர், பையின் அடியிற் கயிறு சுற்றினாற்போலச் சுருண்டு கிடக்கும். அவ்வாறான வேர், நிலத்தில் வைத்த பின்னும் சுருண்டபடியே தடித்து, ஆண்டுகள் பல சென்றபின் மரத்தையே நெரிக்கும். ஒன்றரை இரண்டடி உயரமும், நேரிய தண்டும், ஒட்டு நன்றாகப் பொருந்திய வடுவும், முற்றிய இலையும் உடைய கன்றே சிறந்தது. சிவந்த தளிரோடு நிற்குங் கன்று கண்ணுக்கு அழகு, நடுகைக்கு ஆகாது. தளிர் முற்றும்வரை இரண்டு கிழமை பொறுத்திருத்தல் வேண்டும். நாற்றுமேடை நிழலில் வளர்ந்த கன்றை வாங்கியவுடன் நடாமல், ஒரு கிழமை காலை வெயிலிற் பழக்கிக் கொள்ளல் நன்று.

மாலை வேளையில் நடுக. முற்காலத்தில் ஓலைக் கூடையில் வந்த கன்றைக் கூடையோடு வைத்தாலும் அது மண்ணில் உக்கிவிடும். பொலித்தீன் பை உக்காது. பையைக் கிழித்து முற்றாக அகற்றி, அடியிற் சுருண்ட வேரைக் கூரிய கத்தியால் வெட்டி, மண்கட்டி உடையாமற் குழி நடுவில் இறக்குதல் வேண்டும். பையில் எவ்வளவு ஆழத்தில் நின்றதோ அவ்வளவே நிலத்திலும் நிற்க வேண்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரை அடியாவது உயர்ந்திருத்தல் இன்றியமையாதது; அது புதைந்தால் ஈரத்தால் அழுகும். ஒட்டுக்குச் சுற்றிய நாடா இன்னும் இருக்குமாயின் அதனை அவிழ்த்துவிடுக. சுற்றிலும் மண்ணை அணைத்துக் காலால் மெதுவாக மிதித்து, மழை பெய்துகொண்டிருப்பினும் ஒரு வாளி நீர் ஊற்றுதல் வேண்டும். வேருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை அந்நீரே அடைக்கும். மழைக்குள் நின்று தண்ணீர் ஊற்றுவதைக் கண்டு அயலார் நகைப்பது வழக்கம்.

வாடைக் காற்றுக்கு ஆடாதிருக்க ஒரு தடி நாட்டி, எட்டு வடிவமாகத் தளர்த்திக் கட்டிவிடுக. ஆடு புகாதபடி நாற்புறமும் கூடு அடைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வளவில் ஓர் ஆடு ஒரு நிமிடத்தில் ஓராண்டு வேலையை முடித்துவிடும்.

மழை நின்ற பின்

தை பிறந்து பனி விழத் தொடங்கும்போது, பாத்தியிற் களை பிடுங்கி, நாலு விரற்கடை தடிப்பத்திற்கு மூடுபடை இடுதல் வேண்டும். பூவரசங் குழை, சீமைக்கிளுவைக் குழை, தென்னந்தும்பு, சருகு எதுவுமாகலாம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடத்தை வெறுமையாக விடுக. சருகு தண்டோடு ஒட்டிக் கிடந்தாற் கறையான் அதன்வழி ஏறும்.

நீர் ஊற்றுவதிலேயே பலர் தவறுகின்றனர். நாள்தோறும் மாலையில் ஒரு செம்பு நீர் தெளிக்கப்படும் கன்றின் வேர், அந்நீர் கிடைக்கும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். குடும்பத்தார் ஒரு கிழமை கோயிற் திருவிழாவுக்குப் போய் வருவதற்குள் அது வாடிவிடும். கிழமைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாளி நீரை ஆறுதலாக ஊற்றினால், ஈரம் கீழிறங்க, வேரும் அதனைத் தொடர்ந்து இறங்கும். கிணற்று நீர் குறைவான இடங்களில், அடியிற் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்முட்டியொன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, அதனை நிரப்பி மூடி வைக்கலாம். நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேரைச் சேரும். வெயிலுக்கு ஆவியாவது மிகக் குறைவு.

சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசுவது. ஆதலாற் பங்குனியிலேயே கன்றின் தெற்கிலும் மேற்கிலும் கிடுகு அல்லது பனையோலையால் தட்டி கட்டிவிட வேண்டும். கிழக்குப் பக்கம் திறந்திருக்கட்டும். காலை வெயில் கன்றுக்கு வேண்டும். மாங்கன்றுக்குத் தென்மேற்கே எட்டடி தள்ளி ஐப்பசியிலேயே ஒரு வாழை வைத்தவர்க்கு, ஆவணி மட்டும் நிற்கும் உயிர்த்தட்டி ஒன்று கிடைத்துவிடுகின்றது. குலை மேலதிக வரவு.

ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் முளைகளைக் கண்டவுடன் கிள்ளிவிடுதல் வேண்டும். அவை ஒட்டுக்கட்டையின் முளைகள். விட்டால் அவையே தடித்து, மேலேயுள்ள நல்லினம் மெலிந்து பட்டுவிடும். கறுத்தக் கொழும்பான் வாங்கி வைத்தோம், காட்டு மாங்காய் காய்க்கின்றது என்று வரும் முறைப்பாடுகளிற் பல இவ்வாறு நேர்ந்தவையே. தேசிக்கன்றில், பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழுக்கள் இலையைத் தின்னும். வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாகிய அவற்றைக் கையாற் பொறுக்கி அழித்தாற் போதும். ஒரு கன்றுக்காக மருந்து தெளிகருவி தேடவேண்டுவதில்லை.

ஒட்டு மாங்கன்று சில வேளை இரண்டாம் தையிலேயே பூத்துவிடும். அப்பூங்கொத்தைக் கிள்ளி எறிய எவர்க்கும் மனம் வராது. ஆயினும் மூன்றடி உயரக் கன்று இரண்டு மாங்காயைத் தாங்கினால், அவ்வாண்டு வளர்ச்சி முழுவதையும் அதற்கே செலவிட்டுவிடும். முதலிரண்டு ஆண்டும் பூவை அகற்றுதல் வேண்டும்.

அடுத்த ஐப்பசியிற் கன்றின் இலைவிரிவுக்கு நேர்கீழே வட்டமாக ஆழமற்ற சால் எடுத்து, உக்கிய மாட்டெரு இரண்டு கடகம் இட்டு மூடிவிடலாம். இரசாயனப் பசளை இடுவோர் அளவறிந்து இடுதல் வேண்டும்; சுண்ணாம்புக்கல் நிலத்தில் மிகுதியான நைத்திரசன் வெகுவிரைவாகக் கீழிறங்கி, அதே வளவின் குடிநீர்க் கிணற்றைச் சேரும். மண்ணைப் பரிசோதித்து அளவு கூறும்படி அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். ஒட்டுக் கன்றுகள் மழைக்காலத்திற் கிடைப்பது அரிதாகையால், வேண்டிய இனத்தையும் தொகையையும் ஆவணி முடியுமுன் அவரிடமோ, பதிவு செய்யப்பட்ட நாற்றுமேடையிலோ தெரிவித்து வைத்தல் வேண்டும். அதற்குள் குழிகள் தோண்டியாகிவிட வேண்டும்.